விலைக்கு வரும் தோல்



சில மாதங்களுக்கு முன் சலரோகக்காரரின் கால் பராமரிப்புப் பற்றி நான் பேசி முடித்த இரவு ஒரு தம்பி தொலைபேசியில் அழைத்தார். ஒரேத்தோ வீதிப் பக்கம் இருக்கிறவர், எனக்கு முகம் தெரியாதவர். யாழ்ப்பாணத்தில் அவருடைய தாயாருக்கு வலது பாதத்தின் அடியில், பெருவிரலுக்குக் கீழே, ஐந்து மாதமாக ஆறாத புண். காட்டிய தனியார் மருத்துவமனை ஒன்றில், வெளிநாட்டிலிருந்து வரும் "உயிர்த்தோல்" ஒன்றை ஒட்டினால் ஆறிவிடும் என்று சொல்லி, ஒரு தொகையும் சொல்லியிருக்கிறார்கள். தம்பிக்கு அது மூன்று மாதச் சம்பளம்.

"அக்கா, அனுப்பட்டோ?" என்று கேட்டார்.

எனக்கு உடனே பதில் தெரியவில்லை. நான் வைத்தியர் அல்ல. ஒன்பது வருடம் இந்த ஊர் மூதாட்டி ஒருவரைப் பராமரித்தவள். அவருடைய காற்புண்ணுக்கு மருந்து கட்ட வரும் தாதியின் பக்கத்தில் கிண்ணம் பிடித்து நின்று பழகியவள், அவ்வளவுதான். "ஒரு கிழமை தாங்கோ தம்பி, படிச்சுப்போட்டுச் சொல்லுறன்" என்றேன். அந்த ஒரு கிழமை மூன்று கிழமையானது. படித்ததைப் பிறகு வானொலியிலும் சொன்னேன். எழுத்தில் வேண்டும் என்று பலர் கேட்டதால் இங்கே தருகிறேன்.

எங்கள் தோல் இரண்டு அடுக்கு. மேலடுக்கு மெல்லியது, தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்வது. கீழடுக்கு தடித்தது. கொலாஜன் என்ற நார்ப்பொருளும் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் அங்கேதான் உள்ளன. மேலடுக்கு உரிந்தால் திரும்ப வளரும். கீழடுக்கு ஆழமாகப் போனால் உடம்பு தழும்பை வைத்துத்தான் மூடும். சிறிய இடமென்றால் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டலாம். உடம்பு முழுவதும் எரிந்தவருக்கு எடுக்கத் தோல் ஏது? இந்தத் தட்டுப்பாட்டிலிருந்துதான் தோலுக்கு மாற்றுத் தேடும் வேலை தொடங்கியது.

1975 இல் அமெரிக்காவில் ஹவர்ட் கிரீன், ஜேம்ஸ் ரைன்வோல்ட் என்ற இருவர் மனிதத் தோலின் கலங்களை ஆய்வுகூடத் தட்டில் பெருக்கிக் காட்டினார்கள். சின்னத் துண்டிலிருந்து பெரிய பரப்புத் தோலை வளர்க்கலாம் என்று ஆனது. 1981 இல் பொஸ்ரனில் ஜோன் பேர்க், யானிஸ் யன்னாஸ் இருவரும் வேறு வழியில் போனார்கள். மாட்டின் கொலாஜனையும் சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த பொருளையும் சேர்த்து, மேலே சிலிக்கன் தாள் மூடிய ஒரு பஞ்சு செய்தார்கள். அந்தப் பஞ்சுக்குள் நோயாளியின் சொந்தக் கலங்கள் ஏறி வந்து கீழடுக்கைக் கட்டிக்கொள்ளும். இன்ரெக்ரா என்ற பெயரில் 1996 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது அதுதான்.

அதன் பிறகு வந்த பொருட்களைக் கேட்டால் சிலருக்கு முகம் சுளிக்கும். அப்லிகிராப், டேர்மாகிராப்ற் என்ற இரண்டும் பிறந்த ஆண் குழந்தைகளுக்குச் சுன்னத்துச் செய்யும்போது கிடைக்கும் தோலின் கலங்களிலிருந்து வளர்க்கப்பட்டவை. குழந்தை பிறந்தபின் வரும் நஞ்சுக்கொடியின் மெல்லிய உறையை உலர்த்தி விற்பவர்கள் ஏராளம். ஐஸ்லாந்தில் கொட் மீனின் தோலைச் சுத்தம் செய்து கெரேசிஸ் என்ற நிறுவனம் விற்கிறது. 2023 இல் டென்மார்க்கின் கொலோபிளாஸ்ற் நிறுவனம் அதை வாங்கச் சம்மதித்த விலை 1.3 பில்லியன் டொலர் வரை. மீன் தோலுக்கு! எங்கள் பக்கத்தில் திருவனந்தபுரத்துச் சிறீ சித்திரா நிறுவனம் பன்றியின் பித்தப்பையிலிருந்து செய்த கோலிடேர்ம் என்ற பொருளுக்கும் 2023 இல் இந்திய அனுமதி கிடைத்தது. சைவ வீட்டுப் பெரியவர்களுக்கு எதையாவது ஒட்டுவதற்கு முன் இது எதிலிருந்து வந்தது என்று கேட்பதில் வெட்கமில்லை. சொல்ல வேண்டியது வைத்தியரின் கடமை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தம்பி நினைத்ததும் நான் நினைத்ததும் ஒன்றுதான்: தோல் கிழிந்த இடத்தில் புதுத் தோலை ஒட்டுகிறார்கள், சட்டைக்கு ஒட்டுப் போடுவதுபோல. அது பிழை. பக்கெற்றில் வரும் இந்தத் தோல்களில் பெரும்பாலானவை அங்கே தோலாக நிலைப்பதில்லை. அப்லிகிராப்பில் உள்ள உயிர்க்கலங்கள்கூடச் சில வாரங்களில் இல்லாமல் போகின்றன. இருக்கும் காலத்தில் அவை, ஆறுவதற்கான இரசாயனச் சமிக்ஞைகளைப் புண்ணுக்குக் கொடுக்கின்றன. வீட்டைக் கட்டுவது நோயாளியின் உடம்புதான். இது வெளியூரிலிருந்து வந்து மேற்பார்வை பார்த்துப் போகிற மேசன்.

நிலைத்து நிற்கும் தோல் என்றால் அது நோயாளியின் சொந்தக் கலத்திலிருந்து வளர்த்ததாக இருக்க வேண்டும். அப்படி ஒன்று இந்த நாட்டில் நடந்தது. அதைப் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. சிரியாவிலிருந்து ஜேர்மனிக்கு அகதியாகப் போன குடும்பத்தின் ஏழு வயதுப் பையன். தொட்டாலே தோல் கழன்றுபோகும் பிறவி நோய். 2015 இல் போஹும் நகர வைத்தியசாலையில் சேர்த்தபோது தோலின் பெரும்பகுதி போய்விட்டது, பிறகு 80 வீதமளவுக்கு இழந்தான். வைத்தியர்கள் கைவிடும் நிலை. அப்போது இத்தாலியின் மொடேனா நகரில் மிக்கேலே தெ லூக்காவும் கிரசியெல்லா பெல்லெகிரீனியும் அவனுடைய கெடாத தோலில் 4 சதுர சென்ரிமீற்றர் துண்டை எடுத்து, பழுதான மரபணுவைத் திருத்தி, 0.85 சதுர மீற்றர் தோலாக வளர்த்து அனுப்பினார்கள். 2015 ஒக்ரோபருக்கும் 2016 ஜனவரிக்கும் இடையில் மூன்று தடவையாக ஒட்டினார்கள். 2017 நவம்பரில் நேச்சர் இதழில் செய்தி வந்தபோது பையன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான், பந்தும் விளையாடினான்.

ஆனால் தம்பியின் அம்மாவுக்குச் சொன்னது இதல்ல. சலரோகப் புண்ணுக்கு விற்கும் பக்கெற்றுத் தோல். அது எவ்வளவு வேலை செய்யும்? அப்லிகிராப்பைச் சலரோகக் காற்புண்ணில் சோதித்த பெரிய ஆய்வு 2001 இல் வெளியானது. 208 நோயாளிகள். பன்னிரண்டு வாரத்தில், தோல் வைத்தவர்களில் நூற்றுக்கு 56 பேருக்குப் புண் முழுதாக மூடியது. தோல் வைக்காமல், செத்த சதையை வெட்டிச் சுத்தம் செய்து, ஈரத் துணி வைத்துக் கட்டி, பாதத்தில் பாரம் விழாமல் பார்த்துக்கொண்டவர்களில் 38 பேருக்கு மூடியது. டேர்மாகிராப்ற்றின் 2003 ஆய்வில் 30 பேரும் 18 பேரும். ஆக, பலன் உண்டு, பொய்யில்லை. அதேவேளை தோல் வைத்தும் ஆறாதவர்கள் இரண்டு ஆய்விலும் நிறையப் பேர். இன்னொன்று, காலுக்கு இரத்தம் போதாதவர்களை இந்த ஆய்வுகளில் சேர்க்கவே இல்லை. இரத்தம் ஓடாத காலில் எந்தத் தோலை வைத்தாலும் கல்லில் நாற்று நட்டமாதிரித்தான்.

"பாரம் விழாமல்" என்று மேலே சொன்னேன் அல்லவா, அதில்தான் எங்கள் ஆட்களுக்குப் பெருமைப்பட ஒன்று இருக்கிறது. சலரோகத்தில் பாதம் விறைத்துவிடும். முள் குத்தினாலும் தெரியாது, புண்ணில் மிதித்தாலும் நோகாது. நோகாததால் திரும்பத் திரும்ப மிதிப்பார்கள், திரும்பத் திரும்ப உடையும். தொழுநோயிலும் இதே கதைதான். 1930களில் இலங்கையில் சத்திரசிகிச்சை நிபுணர் மில்ரோய் போல் என்ற தமிழர், தொழுநோயாளரின் பாதப் புண்ணுக்கு, காலை அணைத்தபடி பிளாஸ்ரர்க் கட்டுப் போட்டு, கட்டோடு நடக்கவிட்டு ஆற்றினார். பாரம் ஓரிடத்தில் குவியாமல் கால் முழுக்கப் பகிர்ந்துவிடும். பிறகு வேலூரில் போல் பிராண்ட் இதை எடுத்துக்கொண்டார். அவர் கொல்லிமலையில் பிறந்து தமிழ் பேசி வளர்ந்த ஆங்கிலேயர். 1966 இல் அமெரிக்கா போய் அங்கே சலரோகக்காரருக்கும் இதையே செய்தார். 2001 இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், இந்தக் கட்டுப் போட்டவர்களில் பன்னிரண்டு வாரத்தில் நூற்றுக்கு 90 பேரளவில் ஆறிவிட்டது. வேறு வேறு நோயாளிகள் என்பதால் 56 ஐயும் 90 ஐயும் நேரே பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடாது. இரத்த ஓட்டம் குறைந்த காலுக்கும் ஆழமாகச் சீழ் பிடித்த காலுக்கும் இந்தக் கட்டு ஆகாது. இருந்தாலும் சுண்ணாம்புக் கட்டில் யாருக்குப் பெரிய இலாபம் வரும்? அதை விற்க ஒருவரும் வீட்டுக் கதவைத் தட்ட மாட்டார்கள்.

தோலை விற்பவர்கள் தட்டுவார்கள். டேர்மாகிராப்ற்றை 2011 இல் ஷயர் என்ற நிறுவனம் 750 மில்லியன் டொலருக்கு வாங்கியது, மூன்று வருடத்தில் கைகழுவியது. விற்பனையாளர்கள் வைத்தியர்களுக்குப் பரிசும் பணமும் கொடுத்து விற்றார்கள் என்ற குற்றச்சாட்டைத் தீர்க்க 2017 இல் 350 மில்லியன் டொலர் கட்டியது. அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகெயார் என்ற அரச காப்புறுதி இந்தத் தோல்களுக்கு 2019 இல் செலவழித்தது ஏறத்தாழ 250 மில்லியன் டொலர். 2024 இல் அது 10 பில்லியனைத் தாண்டியது. ஐந்து வருடத்தில் நாற்பது மடங்கு புண் கூடிவிட்டதா? இல்லை. வைத்தியர் தோலைக் கழிவு விலையில் வாங்கினார், அரசு பட்டியல் விலையைத் திருப்பிக் கொடுத்தது, நடுவில் உள்ளது பைக்குள் போனது. பட்டியலில் விலை கூடின தோலுக்குத்தான் கிராக்கி இருந்தது. சிலது ஒரு சதுர சென்ரிமீற்றர் 2000 டொலருக்கு மேல் போனது. அரிசோனாவில் ஒரு கணவனும் மனைவியும் சாகக் கிடக்கும் முதியவர்களின் உடம்பில் நஞ்சுக்கொடித் தோலை ஒட்டி 1.2 பில்லியன் டொலருக்குப் பொய்க் கணக்குக் காட்டியதை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்கள். 2026 ஜனவரியிலிருந்து பெரும்பாலான இத்தோல்களுக்குச் சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 127 டொலர் என்று ஒரே விலையை அமெரிக்க அரசு வைத்துவிட்டது.

இதே காலத்தில், சிரியப் பையனுக்குத் தோல் வளர்த்த மொடேனா நிறுவனம் 2022 இன் இறுதியில் பணமில்லாமல் மூடும் நிலைக்குப் போனது. பிறகு அரசு சார்ந்த அறக்கட்டளை ஒன்றுதான் அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. எனக்கு இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வயிறு எரிந்தது.

தம்பிக்குத் திரும்ப அழைத்தேன். "காசு அனுப்ப வேண்டாமெண்டு சொல்லேல்லை. அனுப்ப முதல் நாலு கேள்வி கேளுங்கோ" என்றேன். பாதத்துக்கு இரத்தம் ஓடுகிறதா என்று நாடியும், கருவியும் வைத்துப் பார்த்தார்களா? புண் எலும்பைத் தொட்டுவிட்டதா என்று படம் எடுத்தார்களா? ஓரத்தில் தடித்த தோலை வெட்டிச் சுத்தம் செய்தார்களா? பாரம் விழாமல் என்ன ஏற்பாடு? இவை எல்லாம் சரியாகச் செய்து நான்கு வாரத்தில் புண் பாதியாகச் சுருங்காவிட்டால்தான் இந்தத் தோல் பற்றிய பேச்சு வரும். அப்போது வைத்தால் அது நியாயமான வைத்தியம். முதல் நாளே வைத்தால் வியாபாரம்.

அவர் அம்மாவிடம் கேட்டுவிட்டு அழைத்தார். நான்கில் ஒன்றும் செய்யவில்லையாம். மருந்து கட்டினார்கள், அம்மா அதே றப்பர்ச் செருப்போடு அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் நடந்தார். "யாழ் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கோ. அங்க வைத்தியத்துக்குக் காசில்லை" என்றேன். அரச வைத்தியசாலை என்றால் வரிசையில் நிற்க வேண்டும் என்று தங்கச்சி முணுமுணுத்தாராம். நின்றார்.

இங்கே பலெர்மோவில் உள்ளவர்களுக்கும் ஒரு சொல். சலரோகம் உள்ளவர்கள் குடும்ப வைத்தியரிடம் கேட்டு 013 என்ற கட்டண விலக்கை எடுத்துவிட்டீர்களா? அது இருந்தால் இந்த நோய்க்கான பரிசோதனைகளுக்குப் பணம் கட்டத் தேவையில்லை. பாதத்தில் புண் வந்தால் "பியேதே தியாபேத்திகோ" என்று சொல்லி அதற்கான பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். பத்திரம் இல்லாதவர்களும் எஸ்.டி.பி. குறியீடு எடுத்து அத்தியாவசிய வைத்தியம் பெறலாம், பயப்பட வேண்டாம். அடுத்தது செப்ரெம்பரில் சாந்தா ரொசாலியா மலைக்கு வெறுங்காலோடு ஏறுகிறவர்கள். நேர்த்தி நேர்த்திதான், நானும் ஏறுகிறவள். ஆனால் பாதம் விறைத்தவர்கள் மூடிய சப்பாத்துப் போட்டு ஏறுங்கள். புனிதவதி கோபிக்க மாட்டார்.

தம்பியின் அம்மாவுக்கு நாடி நன்றாக இருந்தது, எலும்பும் தப்பியிருந்தது. வெட்டிச் சுத்தம் செய்து பிளாஸ்ரர்க் கட்டுப் போட்டார்கள். ஒவ்வொரு முறையும் கட்டு மாற்றும்போது தங்கச்சி புண்ணுக்குப் பக்கத்தில் பத்து ரூபாக் குற்றி ஒன்றை வைத்துப் படம் எடுத்து அனுப்புகிறார், தம்பி எனக்கு அனுப்புகிறார். முதல் படத்தில் புண் குற்றியைவிடப் பெரிது. போன கிழமை வந்த படத்தில் குற்றியின் பாதி. இன்னும் மூடவில்லை.