இரண்டு இடைவேளையை யாரிடம் கேட்பது?

ஒரகடம் கூட்டுச்சாலையில் காலை ஷிப்ட் முடிந்து வந்தவர்களிடையே அந்தப் பெண்ணைச் சந்தித்தோம். ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் மூலம் துப்புரவு வேலை. எட்டு மாதக் குழந்தை சேரியில் பாட்டியிடம் இருக்கிறது. விடியற்காலை பால் கொடுத்துவிட்டுக் கிளம்பினால், மறுபடி மடியில் போட மணி நான்காகிவிடுமாம். கம்பெனி பஸ் லைனில் வேலை பார்ப்பவர்களுக்குத்தான்; இவருக்கு ஷேர் ஆட்டோ.

"பத்து மணிக்கெல்லாம் பால் கட்டிக்கும்க்கா, கல்லு மாதிரி ஆயிடும். பாத்ரூம்ல போய் பீச்சி ஊத்திட்டு வந்துடுவேன். அதுக்கே சூப்பர்வைசர் எங்க போனேன்னு கேப்பாரு" என்றார். வீட்டில் குழந்தைக்குப் புட்டிப்பால்.

பீய்ச்சாமல் விட்டால் மார்பில் வீக்கமும் காய்ச்சலும் வரும். நாளடைவில் சுரப்பே குறைந்துவிடும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவோடு இரண்டு வயதுவரை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 26 வாரப் பேறுகால விடுப்பு கிடைத்தவர்களுக்கே, பிரசவத்துக்கு முன்பே எடுத்த நாட்கள் போக, ஆறு மாதம் எட்டாது.

இது தெரிந்துதான் 1961 மகப்பேறு பலன் சட்டம், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளை தந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம், அங்கே நாளுக்கு நான்கு முறை போய்வர அனுமதி என்பது 2017 திருத்தத்தில் சேர்ந்தது. ஆனால் காப்பகம் ஆலையில், குழந்தை ஊரில். ஷேர் ஆட்டோவில் கைக்குழந்தையை யார் தூக்கிவருவது? பீய்ச்சிய பாலை வைக்க ஒரு தனி அறையும் ஃபிரிட்ஜும் இருந்தாலே பாதிக் கஷ்டம் தீரும்.

லைனில் நிற்கும் வேலை தாய்மார்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையில் மணமான பெண்களைத் தவிர்ப்பதாக 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. பாகுபாடு இல்லை என்றது நிறுவனம்; மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. மிஞ்சுவது துடைப்பமும் கேன்டீனும். அங்கே நம் பெண்கள் எத்தனை பேர் என்று வாசலில் நின்று பார்த்தாலே தெரியும்.

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், பெண்களை வேலைக்கு வைத்து லாபம் பெறும் முதலாளியும் இந்தச் செலவில் பங்கேற்க வேண்டும் என்று வாதிட்டார். அப்போது ஆலை முதலாளி ஒருவர்தான். இப்போது நடுவில் கான்ட்ராக்டர் நிற்கிறார்.

"அந்த ரெண்டு பிரேக்க யாருகிட்ட கேக்கறது? கம்பெனிகிட்டயா, கான்ட்ராக்டர்கிட்டயா?" என்று நம்மிடம் கேட்டார். 2025 வரை நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் 'தொழிலாளி' என்றால் கான்ட்ராக்ட் மூலம் வந்தவரும் சேர்த்தியாகத்தான் இருந்தார். முப்பது பெண்களுக்குமேல் இருந்தால் காப்பகம் வைக்கும் பொறுப்பு அதன்படி ஆலையுடையதாக இருந்தது. அந்தக் கணக்கில் இவரைப் போன்றவர்களும் இருந்தார்கள். இடைவேளையைக் கான்ட்ராக்டரிடம் எழுத்தில் கேட்டு, நகலை ஆலை நிர்வாகத்துக்கும் கொடுக்கலாம், மறுத்தால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறையில் புகார் செய்யலாம் என்றோம்.

"எழுதிக் குடுத்தா அடுத்த மாசம் பேர எடுத்துருவாங்கக்கா. நாலஞ்சு பேரா சேந்து குடுத்தா?" என்றார். அதுதான் சரி என்றோம். கேன்டீனில் இன்னொருத்திக்கும் கைக்குழந்தை இருப்பதாகச் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.