பழங்கற்படியும் மின்னஞ்சலும்

ஒரு கடிதத்தில் மிகச் சிறிய இடத்தைப் பெறுவது அதன் திகதி. ஆயினும், சில வேளைகளில் அக்கடிதம் முழுவதினும் கனமானது அதுவே. அன்பு, வேண்டுகோள், முறையீடு ஆகியவற்றை எழுத்துக் கூறும். அவை எப்போது கூறப்பட்டன என்பதைத் திகதியே கூறும். திகதி பிறழ்ந்த மெய், சபையேறும்போது பொய்யாகவும் கொள்ளப்படலாம்.

இதனை மலையகத்தார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் எம்மவரிற் பெரும்பாலோர் நாடற்றோராயினர். மறு ஆண்டில் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம் ஒரு சிறு வாயிலைத் திறந்தது. அவ்வாயிலிற் புகுவதற்கு, 1946 சனவரி 1ஆம் திகதிக்கு முன்னர் மணமானோர் 7 ஆண்டும் மணமாகாதோர் 10 ஆண்டும் இந்நாட்டில் இடையறாது வாழ்ந்தமையை மெய்ப்பித்தல் வேண்டும். கொழுந்து பறித்த விரலும் கவ்வாத்துக் கத்தி பிடித்த கையும் அதற்குச் சான்றாகவில்லை. திகதியிட்ட தாள்களே சான்றாயின. 1951 ஆகஸ்டில் விண்ணப்பக் காலம் முடிந்தபோது ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் சேர்ந்திருந்தன. அவற்றில் அடங்கியோர் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். குடியுரிமை பெற்றோரோ ஏறத்தாழ 1,34,000 பேரே.

பின்னர் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியோர்க்கு வழி செய்தது. அங்கும் ஒரு நாளே எல்லைக்கல்லாக நாட்டப்பட்டது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்தோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் என்பதே அச்சட்டம் வகுத்த தகுதி. சிறீமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. ஆக, ஒரு சமூகத்தின் அரை நூற்றாண்டு வாழ்வு திகதிகளின்மேல் நின்று ஊசலாடியது எனின் அது மிகையன்று.

இன்று அத்தாள்கள் பலவும் மின்னஞ்சல் வடிவில் வருகின்றன. ஊழியர் சேமலாப நிதி பற்றிய விசாரணை, வெளிநாட்டு வேலைக்கான உடன்பாடு, பல்கலைக்கழக அனுமதி என யாவும் அவ்வழியே செல்கின்றன. எங்கள் பூனாகலைக்கு அண்மையில், கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மலை சரிந்து லயங்களை மூடிய கொடுமையை நாம் மறவோம். மண்ணுக்கும் மழைக்கும் அஞ்சும் மக்களுக்குக் கணினியிலுள்ள பிரதி ஒரு பெருந்துணை. ஆனால் அப்பிரதி தன் திகதியை இழக்குமாயின் துணை பாதியாகும்.

இழக்குமா? இழந்ததுபோலத் தோன்றும் என்பதே சரியான விடை. என்னிடம் பயின்று இப்போது கொழும்பில் தொழில்புரியும் இளைஞர் ஒருவர், தம் பழைய அஞ்சற்பெட்டியிலிருந்த மடல்களைப் புதிய பெட்டிக்கு மாற்றினார். தந்தையாரின் சேமலாப நிதிக்காக எழுதியவையும் அவற்றுள் இருந்தன. மாற்றி முடித்துப் பார்த்தபோது திகைத்துப்போனார். “சேர், பத்து வருசக் கடிதமும் ஒரே நாளில வந்தமாதிரிக் காட்டுது” என்று தொலைபேசியில் வருந்தினார். பழைய பெட்டியை அவர் அழிக்காதிருந்தது நற்பேறு.

நிகழ்ந்தது இதுவே. ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் இருவகைத் திகதிகள் உண்டு. ஒன்று, மடலின் தலைப்பகுதியில் அனுப்புவோரின் கணினி எழுதுவது. அது மடலின் உடம்போடு பிறந்தது. மடலை எங்கு வைத்தாலும் உடன் செல்லும். மற்றொன்று, அஞ்சற்பெட்டியைக் காக்கும் சேவையகம் மடல் தன்னிடம் வந்த நாளெனப் புறத்தே குறித்துக்கொள்வது. கடிதத்தினுள் நாம் எழுதும் திகதியையும் உறைமேல் தபாற்கந்தோர் குத்தும் முத்திரையையும் இவற்றுக்கு ஒப்பிடலாம்.

மின்னஞ்சற் பெட்டிகளைக் கையாளும் ஐமேப் என்னும் விதிமுறை இதனைத் தெளிவுற வகுத்துள்ளது. ஒரே சேவையகத்தினுள் மடலைப் படியெடுத்தால் பழைய வருகைத் திகதி பேணப்படல் வேண்டும். வேறொரு கணக்கிற் புதிதாக வைக்கும்போது, வைக்கின்ற மென்பொருள் பழைய திகதியையும் சேர்த்துக் கொடுக்கலாம். கொடாவிடின் சேவையகம் அன்றைய நாளையே இட்டுவிடும். பட்டியல் அந்நாளைக் கொண்டு வரிசைப்படுத்தப்பட்டால், பத்தாண்டு மடல்களும் ஒரு பொழுதில் வந்தனபோல நிற்கும். மாணவரின் மடல்களைத் திறந்து தலைப்பகுதியை நோக்கச் செய்தேன். உண்மைத் திகதிகள் யாவும் உள்ளே பழுதின்றி இருந்தன.

இச்சிக்கல் கணினியோடு பிறந்ததன்று. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கண்டராதித்த சோழரின் தேவியாரும் உத்தம சோழரின் அன்னையாருமான செம்பியன் மாதேவியார், காவிரிக்கரையிலுள்ள திருக்கோடிக்காவற் செங்கற்கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தார். பழைய சாசனங்கள் சிதறிய கற்களிற் கிடந்தன. அவற்றை எறிந்துவிடாது, புதிய சுவரிற் படியெடுத்து வெட்டுவித்தார். இன்ன மன்னரின் இத்தனையாம் ஆட்சியாண்டு என்ற பழைய குறிப்பு அவ்வாறே காக்கப்பட்டது. அதனோடு, இது பழங்கற்படி என்னும் குறிப்பும் பொறிக்கப்பட்டது. எழுத்தின் வடிவு புதிய காலத்தது; சொல்லும் ஆண்டோ பழைய காலத்தது. குறிப்பு இல்லையேல், எழுத்தின் வடிவை நோக்கும் ஆய்வாளர் எத்துணை மயங்கியிருப்பர்!

இதற்கு மாறான நிலையை ஏட்டுச்சுவடிகளிற் காண்கிறோம். ஏடெழுதியோர் பலர் தாம் எழுதி முடித்த நாளை இறுதியிற் குறித்தனர். அது நூல் பிறந்த நாளன்று. படி பிறந்த நாள். அதிலும் பிரபவ, விபவ என்னும் அறுபதாண்டுப் பெயர்களுள் ஒன்றை மட்டும் குறித்தால், அஃது எந்தச் சுற்று என்பது விளங்குவதில்லை. படியின் நாளை மூலத்தின் நாளாகக் கொள்வதே இன்று மின்னஞ்சலிலும் நேரும் மயக்கம்.

ஆதலின் மடல்களை இடம்மாற்றுவோர் சிலவற்றைக் கடைப்பிடித்தல் நன்று. முதலில் நாலைந்து மடல்களை மட்டும் மாற்றித் திகதி நிற்கின்றதா எனச் சோதிக்கவேண்டும். யாவும் சரியெனக் காணும்வரை மூலப்பெட்டியை அழித்தலாகாது. பட்டியலை வந்த நாளால் அன்றி அனுப்பிய நாளால் வரிசைப்படுத்தினாற் குழப்பம் பெரும்பாலும் தீரும். மடலைத் தமக்குத் தாமே மீள அனுப்பிக்கொள்வது பேணுதலன்று. அது புதிய திகதியுடைய புதிய மடலாகும். பழைய திகதி அதனுள் வெறும் எழுத்தாய்க் கிடக்கும். தனிக்கோப்பாகச் சேமித்தால், கோப்பின் திகதி சேமித்த நாளையே காட்டக்கூடும். எனவே கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற முறையில் மடலின் நாளை எழுதிவைத்தல் வேண்டும். திரையைப் படம்பிடித்து வைப்பது போதாது. அதில் தலைப்பகுதி முழுமையாக வராது.

நேரத்தின் அருகிலுள்ள எண்ணையும் மாற்றலாகாது. இலங்கையின் நேரம் உலகப் பொதுநேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியது. ஆனால் 1996 முதல் 2006 ஏப்பிரல் வரை அது வேறாக இருந்தது. அதிற் பெரும்பகுதி ஆறு மணி முந்தியிருந்தது. அக்கால மடலில் ஆறு மணி என்றிருப்பின் அது பிழையன்று, காலத்தின் கையொப்பம். நள்ளிரவை ஒட்டிய மடலுக்கு அரைமணி வேறுபாடும் நாளை மாற்றிவிடும்.

வருகைத் திகதி பயனற்றது என யாரும் கருதவேண்டா. அனுப்புவோரின் கடிகாரம் பிழைபடலாம். ஆகவே வழியிலுள்ள ஒவ்வொரு சேவையகமும் மடலின் தலையில் தான் பெற்ற நேரத்தைப் பொறித்தே அனுப்புகிறது. முடிவுத் திகதிக்குள் விண்ணப்பம் சேர்ந்ததா என்ற வழக்கில் அவ்வரிகளே பேசும். பிறந்த நாளும் வேண்டும்; வந்த நாளும் வேண்டும்; எது எதுவெனத் தெரிதலும் வேண்டும். ஒன்றை மற்றொன்றன் இடத்தில் அமர்த்துவதே குற்றம்.

ஆசிரியர்கள் மாணவர்க்குக் கடிதம் எழுதப் பயிற்றும்போது வலப்பக்க மூலையிலே திகதி இடுக என்கிறோம். இனி, அத்திகதியைக் காக்கும் முறையையும் சேர்த்துப் பயிற்றுவோமாக. தோட்டத்து வீட்டின் தகரப்பெட்டியிலுள்ள தாளாயினும், கைத்தொலைபேசியிலுள்ள மடலாயினும், அதனைப் படியெடுப்பவர் செம்பியன் மாதேவியாரின் கற்றச்சரைப்போல் ஒழுகவேண்டும். மூலத்தின் ஆண்டு மூலத்துக்கே உரியது. படியெடுத்தவர் தம் பங்குக்குப் படி என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் அதுவே போதும்.