நிர்வாகத்தில் பங்கேற்கும் வரையறுத்த கூட்டாளியின் பொறுப்பு: அமெரிக்கச் சட்ட வளர்ச்சி

முன்னுரை

வரையறுத்த கூட்டாண்மையில் பொதுக் கூட்டாளி, வரையறுத்த கூட்டாளி என இருவகையினர் உள்ளனர். பொதுக் கூட்டாளி தொழிலை நடத்துவதோடு, நிறுவனக் கடன்களுக்குத் தம் சொந்தச் சொத்தைக் கொண்டும் பொறுப்பேற்கிறார். வரையறுத்த கூட்டாளியின் இழப்பு அவரிட்ட முதலோடு நின்றுவிடும். இப்பாதுகாப்பிற்கு ஈடாக அவர் நிர்வாகத்திலிருந்து விலகி நிற்க வேண்டும் என்பது 1807ஆம் ஆண்டுப் பிரெஞ்சு வணிகச் சட்டத்தொகுப்பிலேயே இடம்பெற்ற விதியாகும். நியூயார்க் மாநிலம் இவ்வமைப்பை 1822இல் ஏற்றது. விதியை மீறியவர் எதன் அடிப்படையில் பொறுப்பாகிறார் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

கட்டுப்பாடே அடிப்படை

மாநிலங்கள் ஏற்றுக்கொள்வதற்கென 1916இல் வரையப்பட்ட மாதிரிச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, தொழிலின் கட்டுப்பாட்டில் பங்கேற்கும் வரையறுத்த கூட்டாளியைப் பொதுக் கூட்டாளியைப் போலப் பொறுப்பாக்கியது. எது கட்டுப்பாடு என்பதை அது வரையறுக்கவில்லை.

கலிபோர்னியாவின் ‘ஹோல்ஸ்மன் எதிர் டி எஸ்கமில்லா’ (1948) வழக்கு ஒரு காய்கறிப் பண்ணை நொடித்துப்போனதால் எழுந்தது. எதைப் பயிரிடுவது என்பதை வரையறுத்த கூட்டாளிகள் இருவரும் சேர்ந்தே முடிவு செய்தனர். காசோலைக்கு மூவருள் இருவர் கையொப்பம் தேவைப்பட்டது. ஆகவே அவ்விருவரும் பொதுக் கூட்டாளியின்றிப் பணம் எடுக்க முடிந்தது. அவரால் அவர்களுள் ஒருவரின்றி எடுக்க இயலவில்லை. மேலாளர் பொறுப்பிலிருந்து அவரை விலகச் செய்தவர்களும் அவர்களே. நீதிமன்றம் இருவரையும் கடன்களுக்குப் பொறுப்பாக்கியது.

நம்பிக்கையே அடிப்படை

பொதுக் கூட்டாளியாக ஒரு நிறுமம் அமைந்து, வரையறுத்த கூட்டாளிகளே அதன் இயக்குநர்களாகும்போது சிக்கல் கூர்மையடைந்தது. டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் ‘டிலேனி எதிர் ஃபிடெலிட்டி லீஸ்’ (1975) வழக்கில், நிறுமத்தின் வழியாகச் செலுத்தினாலும் கட்டுப்பாடு கட்டுப்பாடே என்றது. கடனீந்தோர் அக்கூட்டாளிகளை நம்பியிருக்க வேண்டும் என்னும் நிபந்தனையையும் ஏற்கவில்லை. வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் ‘ஃபிரிஜிடேர் எதிர் யூனியன் பிராப்பர்ட்டீஸ்’ (1977) வழக்கில் மாறான முடிவுக்கு வந்தது. அங்குக் கடனீந்தவர், தாம் நிறுமத்தோடுதான் ஒப்பந்தம் செய்கிறோம் என்பதை அறிந்திருந்தார். அவர்களைப் பொதுக் கூட்டாளிகள் எனத் தவறாக எண்ணவுமில்லை.

இவ்விரண்டாம் பார்வையே சட்டத்திலும் வலுப்பெற்றது. 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், பொதுக் கூட்டாளிக்கு நிகரான அதிகாரம் செலுத்தாதவரை, அவர் கட்டுப்பாட்டில் பங்கேற்பதை அறிந்து வணிகம் செய்தவர்க்கு மட்டுமே பொறுப்பை விதித்தது. 1985இல் அது மேலும் சுருங்கியது: வரையறுத்த கூட்டாளியின் நடத்தையைக் கண்டு, அவரைப் பொதுக் கூட்டாளி என நியாயமாக நம்பியவரே அவரிடம் கடனைக் கோரலாம். ஆலோசனை கூறுதல், கடனுக்குப் பிணை நிற்றல் போன்றவை கட்டுப்பாடாகா என்றும் பட்டியலிடப்பட்டது. இதனால் முதலீடு அழிவதைக் காணும் கூட்டாளி அஞ்சாமல் கருத்துரைக்க வழி பிறந்தது.

விதியின் நீக்கம்

2001ஆம் ஆண்டு மாதிரிச் சட்டத்தின் 303ஆம் பிரிவு, நிர்வாகத்திலும் கட்டுப்பாட்டிலும் பங்கேற்றாலும் வரையறுத்த கூட்டாளிக்கு அதனால் பொறுப்பு எழாது என்கிறது. எனினும் இது ஏற்றுக்கொண்ட மாநிலங்களில் மட்டுமே செல்லும். இங்கிலாந்தின் 1907ஆம் ஆண்டுச் சட்டமோ, நிர்வாகத்தில் பங்கேற்ற காலத்தில் ஏற்பட்ட கடன்களுக்கு அவரை இன்றும் பொறுப்பாக்குகிறது. தனியார் முதலீட்டு நிதிகளுக்கு மட்டும் 2017இல் அனுமதிக்கப்பட்ட செயல்களின் பட்டியல் சேர்க்கப்பட்டது.

முடிவுரை

தொடக்கத்தில் செயலுக்கான தண்டனையாக இருந்த பொறுப்பு, பின்னர்த் தவறான நம்பிக்கைக்கான ஈடாக மாறி, இறுதியில் கைவிடப்பட்டது. விதி நீங்கிய இடத்திலும் கடனீந்தோர் காப்பற்றவர் அல்லர். தாமே அளித்த பிணைக்கும் தாமே செய்த மோசடிக்கும் வரையறுத்த கூட்டாளி பொறுப்பானவரே. ஆதலின் காசோலையில் யார் கையொப்பமிட்டார் என்பதைவிட, கடனீந்தவர் யாரை நம்பினார் என்னும் வினாவே நீதிக்கு நெருக்கமானது.