இரைச்சலும் இசையே

ஒலிப்பதிவுத் தயாரிப்பாளர் என்றால் ஒலியிலுள்ள கோளாறுகளைக் களைபவர் என்றுதான் நாம் நினைக்கிறோம். கோளாறு எது, குணம் எது என்று பகுத்தறிபவரே நல்ல தயாரிப்பாளர் என்பேன். பெல்ஜியத்தைச் சேர்ந்த வின்சென்ட் கெனிஸ் அதற்குச் சான்று.

‘அக்சாக் மபூல்’ என்ற சோதனை ராக் குழுவில் வாசித்தவர் இவர். காங்கோ நாட்டின் கின்ஷாசா நகரிலுள்ள ‘கொனோனோ நம்பர் 1’ குழுவின் இசையை வானொலியில் கேட்டு, பல ஆண்டுகள் தேடிக் கண்டுபிடித்தார்.

அவர்களுடைய முதன்மைக் கருவி லிக்கெம்பே. மரப்பெட்டி மேல் பொருத்திய உலோகப் பட்டைகளைக் கட்டைவிரல்களால் மீட்டுவார்கள். நகரத்துச் சந்தடியில் அது எடுபடணுமே! குழுவை நிறுவிய மவாங்கு மிங்கியேடி அதற்கு மின்னொலி தந்தார். பழைய கார் உதிரிபாகங்களின் காந்தங்களே மைக்குக்கு உதவின. ஒலி கரகரத்தது. ஆனால் இவ்வகைக் கருவிகளில் வேண்டுமென்றே இரைச்சலைச் சேர்ப்பது ஆப்பிரிக்க மரபு. நாம் தம்பூராவில் ஜீவாளி நூல் வைக்கிறோமே, அதுமாதிரி.

கெனிஸ் அதைச் ‘சுத்தம்’ பண்ணவில்லை. லேப்டாப்போடு கின்ஷாசா போய், கரகரப்போடு அப்படியே பதிவு செய்தார். 2004-ல் ‘காங்கோட்ரானிக்ஸ்’ வெளிவந்தது. மின்கிதாரின் கரகரப்பில் ஊறிய ராக் ரசிகர்களும் அதை விரும்பிக் கேட்டார்கள். அடுத்து, மாற்றுத்திறனாளிக் கலைஞர்களின் ‘ஸ்டாஃப் பெண்டா பிலிலி’ குழுவைக் கின்ஷாசா விலங்கியல் பூங்காவில் திறந்தவெளியிலேயே பதிவு செய்தார். அந்த ஆல்பம் 2009-ல் வந்தது.

மிங்கியேடி 2015-ல் மறைந்தார். அந்த ஒலியைப் படைத்தவர் அவரே. அதைக் கெடுக்காமல் உலகுக்குக் கொண்டுவந்தவர் கெனிஸ். இருவர் பெயரையும் சேர்த்தே சொல்வதுதான் நியாயம்.