கொறங்காடும் காட்டுக் காடையும்

திருப்பூர், கரூர், ஈரோடு மாவட்டங்களின் வானம் பார்த்த பூமியில் கொறங்காடு வைத்திருக்கும் அங்கத்தினர்கள் காட்டுக் காடையை நன்கு அறிவார்கள். கிளுவை வேலி, வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல் ஆகிய மூன்றும் சேர்ந்த அந்நிலம் காங்கயம் மாட்டுக்கு மேய்ச்சல், காடைக்கு வீடு. இன்று கொறங்காடுகள் பல மனைகளாகி வருகின்றன. எஞ்சியவற்றை எவ்வாறு பேணுவது என்பதை இங்கு விளக்குவோம்.

காடை பறப்பதைவிட நடப்பதையே விரும்பும் பறவை. புல் குத்தின் அடியிலோ புதரடியிலோ சிறு பள்ளமே அதன் கூடு. புதர்க்காடையின் முட்டை பொரிக்க 16 முதல் 18 நாள் ஆகும். பெரிய காடை புல் விதையைத் தின்னும். குஞ்சுகள் வளர்வதற்கோ கறையானும் பிற பூச்சிகளும் இன்றியமையாதவை.

கொழுக்கட்டைப் புல் குத்துக் குத்தாக வளர்வதால் இடையே வெறுந்தரை இருக்கும். அங்கேதான் விதை உதிரும். குஞ்சும் ஓடியாடி இரை தேடும். அடியோடு மேய்ந்த காட்டில் வல்லூற்றுக்குத் தப்ப மறைவில்லை. பல ஆண்டு மேயாத காட்டிலோ பழம்புல் மண்டிக் குஞ்சின் வழியை அடைத்துவிடும். ஆகவே மேய்ச்சல் காடைக்குப் பகையன்று; அளவும் காலமும் தவறிய மேய்ச்சலே பகை.

செய்யத்தக்கவை வருமாறு:

1. காட்டை மூன்று நான்கு துண்டுகளாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு துண்டை மழை தொடங்கியது முதல் புல் விதை உதிரும் வரை மேய்க்காது விடுக. மற்றத் துண்டுகளிலும் ஒரு சாண் புல் நிற்கும்போதே மாட்டை மாற்றுக. இதனால் அடுத்த ஆண்டுப் புல்லும் செழிக்கும்.

2. கிளுவை வேலியை ஒரே ஆண்டில் முழுவதும் கழிக்காமல் பகுதி பகுதியாகக் கழிக்கவும். கம்பி வேலி எல்லையைக் காக்கும், குஞ்சை மறைக்காது.

3. சீமைக்கருவேலம் அடர்ந்தால் அதன் நிழலில் புல் நில்லாது. அதனை வேருடன் அகற்றுக. ஆனால் சூரை, ஆவாரை முதலிய நாட்டுப் புதர்களை ஆங்காங்கே விட்டுவைக்கவும்.

4. கூடு கட்டும் காலத்தில் தீ வைத்தலும், வேலியோரத்தில் களைக்கொல்லி, பூச்சிமருந்து தெளித்தலும் கூடா.

காடைக் கூட்டத்திற்கு எல்லைக்கல் தெரியாது. பக்கத்துக் காட்டினர் அனைவரும் ஒரே சமயத்தில் மேய்த்துவிட்டால் ஒருவர் விட்டுவைத்த ஒரு துண்டு போதாது. எந்தக் காட்டில் எந்தத் துண்டுக்கு இவ்வாண்டு ஓய்வு என்பதை மழைக்கு முன்பே அண்டை அங்கத்தினர்கள் கூடிப் பேசி முடிவு செய்தல் நலம். நீர்ப்பங்கீட்டில் முறை வைக்கத் தெரிந்த நமக்கு இது புதிதன்று.

பண்ணையில் வளர்க்கும் ஜப்பானியக் காடை வேறு. காட்டுக் காடை வேறு. பின்னதைக் கண்ணி வைத்துப் பிடிப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். கண்ணியிலிருந்து காத்தால் மட்டும் போதாது; அது வாழும் புல்லையும் புதரையும் காத்தாலன்றி அவ்வினம் நிலைக்காது. அவை நிலைத்தால் நம் மாடும் பசியாறும்.