தொழில்நுட்பப் படிப்பு: கடனுக்கு முன் தவணையைக் கணக்கிடுங்கள்

எஸ்.பி.எம். முடித்து மின்னியல், இயந்திரவியல் போன்ற தொழில்நுட்பத் துறைகளில் பயில விரும்பும் மாணவர்கள், பி.டி.பி.டி.என். கடனுக்குக் கையெழுத்திடும் முன் மாதத் தவணையைக் கணக்கிடுவது அவசியம்.

30,000 ரிங்கிட் கடனை 10 ஆண்டுகளில் அடைக்க, அசல் மட்டுமே மாதம் 250 ரிங்கிட். ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணம் தனி. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டில் வேலைக்குச் சேர்பவருக்கு இது ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. வாடகை, மோட்டார் சைக்கிள் தவணை, வீட்டுக்குக் கொடுக்கும் பணம் எல்லாம் மீதியில்தான்.

அரசாங்க பொலிடெக்னிக்கில் டிப்ளோமா கட்டணம் பருவத்திற்கு 200 ரிங்கிட்தான். தங்கும் செலவைச் சேர்த்தாலும் கடன் சுமை வெகுவாகக் குறையும்.

தனியார் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தால் பெற்றோர் மூன்றைக் கேட்டறிய வேண்டும்: மொத்தக் கட்டணம் எவ்வளவு? எம்.கியூ.ஏ. அங்கீகாரம் உண்டா? படித்து முடித்தவர்களின் தொடக்கச் சம்பளம் என்ன?