நிலத்தின் மேலும் கீழும் எவ்வளவு பாத்தியம்?

பட்டா பெற்ற பூமிக்கு மேலே ஆகாயம் வரையிலும் கீழே பாதாளம் வரையிலும் தமக்கே பாத்தியம் உண்டென்று நிலச் சொந்தக்காரர் பலர் எண்ணியிருக்கின்றனர். ஐரோப்பாவின் மத்திய காலச் சட்ட நிபுணர்கள் வழங்கிய ஒரு வாசகமும் அவ்வாறே கூறுகின்றது. நியாயஸ்தலங்களோ அதனை முழுதும் ஒப்புக்கொள்வதில்லை.

ஆகாயத்தைப் பற்றிய வரையறை எளிதில் விளங்கும். நியாயமான உயரத்தில் பறக்கும் விமானத்தின்பேரில் அத்துமீறல் வழக்குத் தொடுக்க இயலாதென்று 1934ஆம் வருஷத்து இந்திய விமானச் சட்டம் விதித்தது. அதன் ஸ்தானத்தில் 2024இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் மிகத் தாழப் பறத்தல் வேறு விஷயம். அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு பண்ணைக்கு மேலே 83 அடி உயரத்தில் ராணுவ விமானங்கள் சென்றமையால், கோழிகள் மிரண்டு சுவரில் மோதி 150 வரையில் மாண்டன. நிலத்தை அனுபவிப்பதற்கு வேண்டிய அளவு ஆகாயம் சொந்தக்காரருக்கே உரியதென்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1946இல் தீர்ப்பளித்து, சர்க்கார் நஷ்டஈடு கொடுக்கவேண்டுமென்றது. நம் நாட்டில் வயலின்மேல் மின்கம்பி இழுப்பவருக்கும் உபயோக உரிமையே உண்டு, பூமி பட்டாதாருடையதே. நஷ்டஈட்டுத் தொகையில் தகராறு நேர்ந்தால் ஜில்லா நீதிபதியிடம் மனுச் செய்துகொள்ளலாம்.

பூமிக்குக் கீழேதான் சங்க அங்கத்தினர்கள் முக்கியமாகக் கவனிக்கவேண்டிய சங்கதி இருக்கின்றது. திருச்சிராப்பள்ளிப் புத்தூரின் வழியே உய்யக்கொண்டான் கால்வாய் செல்கின்றது. அதில் ஓடும் நீர் கரை கட்டிய வழியில், யாவருக்கும் தெரிய ஓடுவது. அக்கால்வாயிலிருந்து மண்ணுள் கசிந்து, அருகிலுள்ள கிணறுகளில் ஊறும் நீருக்கு அத்தகைய திட்டமான வழி இல்லை. முதன்முதலில் சென்னை மாகாணத்திலும் வேறு இரு பிரதேசங்களிலும் அமலுக்கு வந்த 1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம் இவ்விரண்டையும் வேறாகவே பாவிக்கின்றது. திட்டமான வழியின்றி ஊறும் நீரைத் தம் எல்லைக்குள் எவரும் எடுத்துக்கொள்ளலாம். அண்டை நிலத்தார் ஆழ்குழாய்க் கிணறு இறக்கியதால் ஒருவருடைய கிணறு வற்றினாலும், அது ஒன்றை மாத்திரம் காட்டிப் பரிகாரம் பெறுதல் அரிது. இருபது வருஷம் இறைத்து வந்தேன் என்ற வாதமும் உதவாது. அத்தகைய நீருக்கு நீண்ட அனுபவத்தால் பாத்தியம் ஏற்படாதென்று 17ஆம் பிரிவு வெளிப்படையாகவே கூறுகின்றது.

பம்புகள் இல்லாத காலத்தில் இவ்விதி பெருந்தீங்கு செய்திராது. இன்று ஆழமாகத் துளையிடப் பணமுள்ளவர் பக்கமே இது சாய்கின்றது. நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாட்டில் 2003இல் இயற்றிய சட்டமும் 2013இல் நீக்கப்பட்டது. கிணறு வெட்டச் சங்கத்தில் கடன் பெற்றவருக்கு ஊற்று நின்றாலும் தவணை நிற்பதில்லை. ஆகையால் கடன் மனு எழுதுமுன் அண்டை நிலத்தாருடன் கலந்து, கூட்டுக் கிணறாகவோ, இடைவெளியையும் இறைக்கும் முறையையும் குறித்தோ ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்துகொள்வது உசிதம்.

கனிப்பொருள்களைப் பற்றி, அடிமண்ணின் உரிமை சாதாரணமாக நிலத்தின் உரிமையையே தொடருமென்று மலபார் நிலங்கள் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் கூறிற்று. ஆயினும் அனுமதியின்றி வெட்டியெடுக்கலாகாது. புதையல் பத்து ரூபாய்க்கு மேற்பட்டதாயின் 1878ஆம் வருஷத்துச் சட்டப்படி கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவிக்கவேண்டும்.

பள்ளம் தோண்டுபவர் வேறொன்றையும் அறியவேண்டும். கட்டடப் பாரமற்ற அண்டை நிலத்துக்கு இயற்கையாக உள்ள மண் ஆதாரத்தை எவரும் நீக்கலாகாது. வரப்போரம் மண் எடுத்து அடுத்த வயல் சரிந்தால், நீர் வற்றிய வழக்கில் கிடைக்காத பரிகாரம் அங்கே கிடைக்கும்.